உன் அறைக் கதவின் கீல்கள்

என் கண்ணே,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று ஆண்டவன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. அப்பா ஒரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார், நான் எழுத்துக்கூட்டித் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்த முறை உறையை யாரும் பிரித்து ஒட்டவில்லை. சுதந்திரம் வந்துவிட்டது என்று ஊரே கத்தியபோது உறைக்காதது அந்த உறையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷம் நம் கடிதங்களை அவர்கள் படித்த பிறகுதானே நாம் படித்தோம், அதனால்தான் மழையையும் உன் மாமாவின் முட்டிவலியையும் தவிர நான் வேறெதுவும் எழுதவில்லை. மாமாவின் முட்டி நீ கவலைப்படும் அளவுக்கு மோசமில்லை, வேறு சேதி எழுத வழியில்லாமல் அதைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

ஊர் திரும்ப அனுமதி கேட்டுப் போனபோதெல்லாம், உன் வீட்டார் வாசலை அடைத்து வரி மறுத்தவர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரே வரி, வாசலை அடைக்கும்போது என்னை நினைத்தாயா அம்மா என்று. கோபமாகத் திட்டி எழுதியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ போன மறுவருஷம் தெருவைப் பார்த்த ஒவ்வொரு கதவுக்கும் வரி என்று சட்டம் போட்டார்கள். நம்மைக் கேட்டா போட்டார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போட்டார்கள். பணமும் அந்தப் பக்கம்தான் போனது, நம் குழாயில் தண்ணீர் வந்தபாடில்லை. நான் என் கணக்கில் மண்ணெண்ணெய்க்கும் சோப்புக்கும் நடுவில் இந்த வரிக்கு ஒரு வரி ஒதுக்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தேன். பிறகு அதை இரண்டு மடங்காக்கினார்கள். பென்சிலால் கதவைத் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டு ஒருவர் வருவார், தெரு அவருக்குக் கதவெண்ணி என்று பேர் வைத்தது. கீல் போட்டுத் திறப்பதுதான் கதவு என்று சட்டத்தில் இருக்கிறதாம், அது தெரிந்ததும் தெரு மொத்தமும் கீலைக் கழற்றிவிட்டுக் கதவைப் பலகை மாதிரிச் சாத்தி வைத்தது. தெருவைப் பார்த்த உன் அறைக் கதவின் கீல்களைச் சாமி அலமாரியில் வைத்தேன். அவர்கள் விடுவார்களா, திறந்த வாய் உள்ள எதுவும் வாசல்தான் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கோழிக்கூட்டைக்கூடக் கதவெண்ணி எண்ணிவிட்டார். தையல்காரர், "ஐயா, நீங்க இதுக்குள்ள ஒருவாட்டி நுழைஞ்சு காட்டுங்க, ரெண்டு மடங்கா கட்டுறேன்" என்றாராம். கதவெண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் போட்ட கோட்டை அழிக்கவில்லை.

அப்புறம்தான் தையல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "அக்கா, நடுச்சுவரை உடைச்சுட்டா ரெண்டு வீட்டுக்கும் ஒரு வாசல் போதுமே" என்றார். பொதுச்சுவர் உன் அறையில்தான் இருக்கிறது. உன் கட்டிலை ஓரமாக நகர்த்தி, புத்தக அலமாரியை எடுத்துவிட்டு அங்கே வழி திறந்தோம். அவருக்கு அடுத்தது ரொட்டிக்கடைக்காரர் வீடு, அதற்கடுத்தது கொல்லர் வீடு, இப்படியே சுவர்கள் திறந்து தெருவாசல்கள் எல்லாம் செங்கல் வைத்து மூடப்பட்டு, கடைசியில் தெருவுக்கே ஒரே வாசல், உன் அறை வாசல். அதை மட்டும் விட்டு வைக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது அந்த வழியாகத்தானே. உன் அறை தெருவுக்கே தெருவாகிவிட்டது. சாக்கடைச் சண்டையில் பேச்சை நிறுத்திய ரொட்டிக்கடையம்மாவும் கொல்லர் பெண்டாட்டியும் ஒருத்தி சமையலறை வழியாக ஒருத்தி நடக்க வேண்டியதாயிற்று. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், பிறகு ஒருநாள், "அடுப்புல தீயுதுடி, மூக்கை அடகு வெச்சுட்டியா?" என்று சத்தம் கேட்டது, அவ்வளவுதான், அன்றிலிருந்து இருவரையும் பிரிக்க முடியவில்லை.

இதற்கு நடுவில் இன்னொரு சட்டம் வந்தது, வெவ்வேறு வீட்டார் ஒன்றுகூடி உட்கார்ந்து பேசக் கூடாது என்று. தையல்காரர் விளையாட்டாக, "நாமதான் ஒரே வீடாச்சே, வரி ரசீதுலயே ஒரு வாசல், ஒரு வீடுன்னு அவங்களே போட்டிருக்காங்களே" என்றார். எல்லோரும் சிரித்தோம், சிரித்து முடித்ததும் யாரும் எழுந்து போகவில்லை. அன்று உன் அறையில் உட்கார்ந்ததுதான் முதல் கூட்டம். எங்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், கோர்ட்டில் வக்கீல் ரசீதை நீட்டினார், அவர்களுடைய நீதிபதியே விட்டுவிட வேண்டியதாயிற்று. அது தெரிந்ததும் ஊரில் ஒவ்வொரு தெருவும் நடுச்சுவரை உடைத்தது. ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நடந்து பழகிய பிறகு இன்னொருவன் வந்து நம்மை எண்ணுவது யாருக்கும் பொறுக்கவில்லை, எனக்குத் தெரிந்த அரசியல் இவ்வளவுதான்.

இப்போது உன் விஷயம். திறந்திருக்கும் அந்த ஒரே வாசலுக்கு எல்லா வீட்டு வரியையும் சேர்த்துக் கட்டச் சொன்னார்கள், மறுத்தால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குத் திரும்பி வர அனுமதி இல்லை என்றார்கள். பெரிய அதிகாரி நம் வீட்டுக்கே வந்தார். "சுவரைக் கட்டிட்டு, வரி கட்டுறோம்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்கம்மா, பொண்ணு அடுத்த கப்பல்ல வந்துடும்" என்றார். நம் சுவரை மூடினால் தெருவுக்கு வாசலே இல்லை, ஒரே வீடு என்ற பேச்சும் இல்லை. அப்பா தராசு பழுது பார்க்கிறவர் அல்லவா, எந்தப் பக்கமும் சாயாமல், "பெத்தவ நீ, நீ சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் சாமி அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். உன் கீல்கள் அங்கேதான் இருந்தன. அன்று முழுக்கத் தெருக்காரர்கள் சத்தமில்லாமல் உன் அறையைக் கடந்துகொண்டே இருந்தார்கள், ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. சாயங்காலம் தையல்காரர் மட்டும் நின்று, "நீங்க போட்டாலும் நாங்க தப்பா நினைக்க மாட்டோம்க்கா" என்றார். அவர் கெஞ்சியிருந்தால் போட்டிருப்பேன் கண்ணே. அந்தச் சொல்லுக்குப் பிறகு என் கை பேனாவைத் தொடவில்லை.

மறுநாள் உன் வாசலையும் அடைத்தோம். வாசலே இல்லாத தெருவுக்கு எதை எண்ணி வரி போடுவான்? மொட்டை மாடியில் ஏணி வைத்து ஏறி இறங்கினோம், அப்பா இரண்டு முறை வேட்டியைக் கிழித்துக்கொண்டார். ஊர் முழுக்க அப்படியே செய்தது, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் கஜானா காய்ந்தது, கடைசியில் மூட்டை கட்டினார்கள். ஆனால் சில மாதத்தில் முடியும் என்று நினைத்தேன், வருஷங்கள் ஆகும் என்று யார் கண்டார்கள். உன்னை நினைத்தேனா என்று கேட்டாய். கடைசிச் செங்கல்லை நான்தான் வைத்தேன், வைப்பதற்கு முன் அந்த இடுக்கு வழியாகத் தெருமுனையை ஒரு தரம் எட்டிப் பார்த்தேன், நீ வந்துவிட்டாயோ என்று. பைத்தியக்காரத்தனம்தான். இப்போது எல்லாம் முடிந்தது, வா என்று உன்னைக் கட்டாயப்படுத்தும் வாய் எனக்கு இல்லை. ஆனால் வா.

கொத்தனார் போன வாரம் வந்து உன் வாசல் செங்கல்லை எடுத்துவிட்டார். நடுச்சுவரை என்ன செய்ய என்று கேட்கிறார், மற்ற தெருக்களில் எல்லோரும் திரும்பக் கட்டிக்கொள்கிறார்கள். உன் அறை, நீ வந்து சொல்கிறபடி செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அதுவரை ரொட்டிக்கடையம்மா விடிகாலையில் உன் கால்மாட்டில் நடப்பாள், இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் என்னைத் திட்டாதே. தச்சர் உன் கீல்களைப் பார்த்து, "துரு ஏறிடுச்சும்மா, திறந்தா கத்தும், புதுசு போட்டுடலாம்" என்றார். அதையே போடச் சொன்னேன். எண்ணெயும் விட வேண்டாம் என்றேன்.

ஆண்டவன் உன் கூடவே துணை வரட்டும், நோய் நொடி அண்டாமல் நீண்ட ஆயுளோடு இரு. கப்பலில் வந்தால் காற்று ஒத்துக்கொள்ளாது, காதைக் கட்டிக்கொள். எந்த நேரத்தில் வந்து சேர்ந்தாலும் தட்டிக்கொண்டு நிற்காதே, தள்ளினால் போதும். கதவு கத்தும், எனக்குக் கேட்கும்.

உன் வழி பார்த்திருக்கும்
அம்மா