ஓய்வு நாடி

நாள் 61. காலை 07:20

சுற்றுக்கலம் சீராக இயங்குகிறது. காற்றழுத்தம், வெப்பம், மின்சாரம் மூன்றும் வரம்புக்குள்.

இதை எடுத்துப் படிப்பவருக்காக ஒருமுறை: என் பெயர் மதிவதனி. மருத்துவர். சோர்வு பற்றி ஆய்வு செய்பவள். கீழே செவ்வாய்த் தரையில், ஒரு குடிலில், இருவர் இருக்கிறார்கள். ரூபஸ், பொறியாளர், தூத்துக்குடிக்காரர். நூர் ஜமீலா, நிலவியலாளர், காயல்பட்டினத்துப் பெண். மேலே, செவ்வாயைச் சுற்றும் இந்தக் கலத்தில், நான் மட்டும். கலம் குடிலுக்கு நேர் மேலே வரும்போது மட்டும் பேசிக்கொள்ள முடியும்.

நாள் 150 அன்று அவர்கள் ஏறுகலத்தில் மேலே வந்து என்னோடு சேர வேண்டும். அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது. பூமியும் செவ்வாயும் இருக்கும் நிலை அப்படி. அன்று இருவரும் கனத்த உடையோடு, வண்டி ஏறாத ஒரு கல்மேட்டில் நடந்து, ஏணி ஏறி, ஏறுகலத்துக்குள் போக வேண்டும். அதற்கான தெம்பு அவர்கள் உடம்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

என் நெறிமுறையில் மூன்று பகுதிகள்: சரியான உணவு, தினசரி உடற்பயிற்சி, போதுமான ஓய்வு. வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில் வரும் அறிவுரை மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரியும். இதைவிட நல்லது ஒன்றை யாரும் இதுவரை நிரூபிக்கவில்லை.

நாடித்துடிப்பும் தூக்கமும் உடல்வெப்பமும் அவர்கள் அணிந்திருக்கும் மார்புப்பட்டையிலிருந்து நேரே எனக்கு வருகின்றன. சைக்கிள் ஓட்டும் நேரமும் வருகிறது. உணவு மட்டும் வாய்மொழி. பொட்டலங்களைப் பதிவு செய்யும் கருவி முதல் வாரமே புழுதி புகுந்து நின்றுவிட்டது.

நாள் 74. காலை 09:05

இருவரும் சோர்வு என்கிறார்கள். இந்தக் கட்டத்தில் எதிர்பார்த்ததுதான்.

பதிவு. ரூபஸ்: "டாக்டரக்கா, சாப்ட்டியளா?"

ஆச்சு, நீங்கள், என்றேன்.

ரூபஸ்: "ஆச்சு ஆச்சு. ரெண்டு பேருக்கும் ஆச்சு. இந்தப் பிள்ளதான் சைக்கிள்ல ஏற மாட்டேங்கா. கல்லப் பாக்கணும், கல்லப் பாக்கணும்னு உக்காந்துக்கிடுதா."

ஜமீலா: "பொய்யி. நேத்து இவருதான் பாதியில எறங்கிப் படுத்துட்டாரு. கேளுங்கக்கா."

ரூபஸ்: "சைக்கிள் செயின் சூடாயிருச்சுன்னு ஆறப்போட்டேன்."

ஜமீலா: "அதுல செயினே கெடையாது."

அடைபட்ட இடத்தில் வரும் ஆரம்பச் சோர்வுக்கு ஓய்வைவிட அசைவே மருந்து. இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. சைக்கிள் நேரத்தைக் கூட்டினேன். முணுமுணுத்தார்கள். ஒப்புக்கொண்டார்கள்.

நாள் 88. காலை 08:30

ஓய்வு நிலை நாடி ரூபஸுக்கு அறுபத்தாறிலிருந்து ஐம்பத்தைந்து. ஜமீலாவுக்கு எழுபதிலிருந்து ஐம்பத்திரண்டு. பயிற்சி பெற்ற இதயம் மெதுவாகத் துடிக்கும். நெறிமுறை வேலை செய்கிறது. நான் எளிதில் திருப்திப்படுகிறவள் அல்ல. இந்த வரைபடத்தைப் பார்த்து இரண்டு நாளாகத் திருப்தியாக இருக்கிறேன்.

பூமியிலிருந்து, தரை நிலையம்: "மிகச் சிறப்பு. பயிற்சி நேரத்தைத் தொடர்ந்து கூட்டவும். இந்த வரைபடத்தை மாநாட்டில் காட்ட உங்கள் அனுமதி தேவை."

அனுமதி கொடுத்தேன். பயிற்சியைக் கூட்டினேன்.

சொந்தக் குறிப்பு: இன்று காலை நான் உண்ணவில்லை. தனியாக உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்க மனம் வரவில்லை. ரூபஸ் கேட்டபோது ஆச்சு என்றேன். அவர்களை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும்.

நாள் 103. மதியம் 12:40

சோர்வு குறையவில்லை. குளிர்கிறது என்கிறார்கள். குடிலின் வெப்பமானி இருபத்திரண்டு காட்டுகிறது. பேச்சு முழுக்கச் சாப்பாடு பற்றி.

பதிவு. ரூபஸ்: "சாளை மீன மண்சட்டியிலதான் வைக்கணும்க்கா. புளியக் கம்மி பண்ணிட்டு மாங்காயப் போடணும். அன்னிக்கே தொடக்கூடாது. மறுநா காலையில, பழைய சோத்துக்கு... கேக்கியளா?"

ஜமீலா: "எங்க ஊர்க் கல்யாணத்துல ஒரே தட்டுல நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்பிடுவோம்க்கா. நெய்ச்சோறு, கறி, கத்திரிக்கா மாங்கா. ரூபஸண்ணன் வந்து உக்காந்தா மத்த மூணு பேரும் எழும்பிப் போக வேண்டியதுதான்."

ரூபஸ்: "போறதுக்கு முன்னால அந்தத் தட்டையும் கழுவி வச்சுட்டுப் போங்க."

வீட்டு நினைவு என்று குறித்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கும்போது இது கூடும்.

நாள் 117. காலை 10:15

ஜமீலாவின் ஓய்வு நாடி 42.

இந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் விளையாட்டு வீராங்கனை அல்ல. இரண்டு மாதச் சைக்கிள் யாருக்கும் இப்படிப்பட்ட இதயத்தைக் கொடுக்காது. பயிற்சி பெற்ற இதயம் ஓய்வில் மெதுவாகத் துடிக்கும், உழைக்கும்போது வேகமாக ஏறும். அவள் நாடி சைக்கிளிலும் ஏறுவதில்லை. உடல்வெப்பம் 35.2. பட்டை பழுதாக இருக்கலாம் என்று பார்த்தால் ரூபஸின் பட்டையும் அதே திசையில்தான் போகிறது. இரண்டு கருவிகள் ஒரே மாதிரிப் பொய் சொல்வது அபூர்வம்.

தொடர்பு அறுபடுவதற்கு முன், ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல், ரூபஸ்: "அந்தக் கரண்டிய வழிக்கிறது இன்னிக்கு என் மொறைம்மா." குரலில் விளையாட்டு இல்லை.

கலம் செவ்வாயின் மறுபக்கம் போய்விட்டது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறேன்.

நாள் 117. மதியம் 12:20

அவர்கள் கேட்பதற்கு முன் நான் கேட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை பொட்டலம் என்று கேட்டேன்.

இணைப்பு நன்றாகவே இருந்தது. இருவரின் மூச்சும் கேட்டது.

ஜமீலா: "சொல்லிருங்கண்ணே."

ரூபஸ்: "மூணாவது பெட்டி எறங்கும்போதே கிழிஞ்சிருக்குக்கா. நாங்க பிரிக்கும்போது பொட்டலமெல்லாம் பிஞ்சு உள்ள பூரா மண்ணு. இந்த மண்ணு வெசம்னு நீங்கதான பாடம் எடுத்திய. பாதிச் சாப்பாடு போயிருச்சு. மிச்சத்தப் பிரிச்சு, கடைசி நாள் வரைக்கும் வாரதுமாரி வச்சிருக்கோம்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். நாள் 66 என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

ரூபஸ்: "சொன்னா மேல இருந்து நீங்க என்ன செய்ய முடியும்? நீங்களும் சோறு எறங்காம உக்காந்திருப்பிய."

நாள் 117. மதியம் 15:00

நோயாளியிடம் முதலில் என்ன உண்டாய் என்று கேட்க வேண்டும். மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவிக்குத் தெரிந்தது இது. நான் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு, வந்த பதிலைத் தரவாகப் பதிந்துகொண்டேன். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கேட்டவருக்குச் சங்கடம். அது நலம் விசாரிப்பு. நானே உண்ணாமல் இருந்துகொண்டு ஆச்சு என்று பதில் சொன்னவள். வேறு நாட்டு மருத்துவர் ஒருவர் இங்கே இருந்திருந்தால் அந்த வார்த்தையை நம்பாமல் பொட்டலங்களை எண்ணச் சொல்லியிருப்பார்.

பட்டினி கிடக்கும் இதயமும் மெதுவாகத்தான் துடிக்கும். அதைத்தான் மாநாட்டில் காட்ட அனுமதித்தேன்.

என் பக்கத்து அலமாரியில் திரும்பும் பயணத்துக்கு மூன்று பேருக்கான உணவு நிறைந்து கிடக்கிறது. கீழே அனுப்ப ஒரு வழியும் இல்லை. இறங்கும் கலம் ஒன்றுதான் இருந்தது, அதில்தான் அவர்கள் போனார்கள். நான் என்ன செய்திருக்க முடியும் என்று ரூபஸ் கேட்டதற்கு ஒரு பதில் உண்டு. சைக்கிளை நிறுத்தச் சொல்லியிருக்க முடியும்.

அடுத்த சுற்றில் கேட்டேன். உண்ணாத உடம்போடு எதற்காக ஓட்டினீர்கள்?

ஜமீலா: "நிறுத்துனா ஏன்னு கேப்பீங்கள்லக்கா."

நாள் 118. காலை 07:00

புதிய நெறிமுறை. பயிற்சி இல்லை. கல் ஆய்வு இல்லை. இருவரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்க வேண்டும். இருப்பதை நாளுக்கு ஆறு சிறு பங்காக உண்ண வேண்டும். கடைசி நாளில் தெம்புக்காக மொத்தமாக உண்ணலாம் என்று எதையும் ஒதுக்கக் கூடாது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு வயிறு நிறைய உண்பது இதயத்தை நிறுத்திவிடும்.

ரூபஸ்: "கடசியில படுத்துக்கிடன்னு ஒரு டாக்டர் சொல்லிட்டாங்க. எங்கம்மாட்ட சொல்லணும்."

தரை நிலையத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அவர்கள் பதில்: "வருந்துகிறோம். நாள் 150க்கு முன் ஏறுவது இயலாது. மருத்துவ முடிவுகளை உங்களிடமே விடுகிறோம்."

நாள் 131. காலை 09:40

பேச்சு குறைந்துவிட்டது. இருவரும் பெரும்பாலும் தூங்குகிறார்கள். ரூபஸுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஜமீலாவின் பல் ஈறில் ரத்தம். தசை கரைந்தபிறகு ஓய்வு அதைத் திருப்பித் தராது. இருப்பதைத் தள்ளிப்போட மட்டும் உதவும்.

நான் மூன்று வேளையும் உண்கிறேன். சைக்கிள் ஓட்டுகிறேன். கண்ணை மூடி எட்டு மணிநேரம் கிடக்கிறேன். அவர்கள் வந்தால் இருவரையும் இழுத்துக் கிடத்த எனக்குப் பலம் வேண்டும். ஒவ்வொரு கவளத்தையும் மாத்திரை மாதிரி விழுங்குகிறேன். என் நாடி 64. மிக நன்று. பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜமீலா: "அக்கா, இன்னிக்கு நீங்க என்ன சாப்பிட்டீங்க? உள்ளதச் சொல்லுங்க. கேக்க ஆசையா இருக்கு."

சொன்னேன். உப்புமா, பருப்பு, உலர்ந்த மாம்பழம். மாம்பழத்தை இரண்டாம் முறை சொல்லச் சொன்னாள்.

நாள் 150. காலை 08:40

நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சில அடிக்கு ஒருமுறை நிற்பதாக ரூபஸ் சொல்கிறார். எனக்குத் தெரிவது இரண்டு நாடிகள் மட்டும்.

நாள் 150. காலை 10:25

ரூபஸ்: "இவள உள்ள ஏத்தி விட்டுட்டேன்க்கா. நா ஏணியடியில ஒக்காந்திருக்கேன். வாரேன். கொஞ்சம் பொறுங்க, வாரேன்."

எழுந்திருங்கள் என்றேன். கெஞ்சினேன். இருபத்தைந்து ஆண்டு மருத்துவத்தில் நான் யாரையும் கெஞ்சியதில்லை.

ரூபஸ்: "ஏறிட்டேன். கதவச் சாத்திட்டேன். சத்தம் போடாதிய."

நாள் 150. காலை 11:10

ஏறுகலம் எழுந்துவிட்டது. எல்லாம் தானியங்கி. எடை அவர்கள் மேல் பல மடங்காக அழுத்தும் நேரம் இது.

11:14. ரூபஸ் நாடி தாறுமாறு.

11:16. ரூபஸ் நாடி இல்லை.

11:30. இல்லை.

நாள் 150. மதியம் 14:35

இணைந்துவிட்டது. என் பக்கக் கதவு திறந்து கிடக்கிறது. அவர்கள் கதவு மூடியிருக்கிறது. இடையில் ஒரு முழம் கூட இல்லை.

அந்தக் கதவின் பூட்டு உள்பக்கம். ஒரு இரும்புச் சக்கரம், ஒரு முழுச் சுற்று. தவறிப்போய்த் தானாகத் திறந்து காற்று போய்விடக் கூடாது என்று, மனிதக் கை பலமாகத் திருப்பினால் மட்டும் அசையும்படி செய்திருக்கிறார்கள். இருவரில் ஒருவருக்காவது அந்தத் தெம்பு இருக்கும் என்பது வடிவமைத்தவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு. அந்தத் தெம்புக்கு உத்தரவாதம் கொடுத்துக் கையெழுத்திட்ட மருத்துவர் நான்.

வெட்டித் திறக்கக் கருவி இல்லை. தேடி முடித்துவிட்டேன்.

ஜமீலா: "அக்கா, ரூபஸண்ணன் பேச மாட்டேங்காரு."

மயக்கம், உள்ளே வந்ததும் பார்த்துக்கொள்கிறேன், நீ சக்கரத்தைத் திருப்பு என்றேன். அவள் இப்போது அழுதால் அதற்குச் செலவாகும் தெம்பு வேறெங்கிருந்தும் வராது.

15:10. கால் பங்கு திரும்பியது.

ஜமீலா: "வரமாட்டேங்குதுக்கா. கை நழுவுது."

உடம்பு எடையைச் சேர்த்துத் தள்ளு என்றேன். இங்கே எடை இல்லை. காலைச் சுவரில் ஊன்று என்று திருத்திச் சொன்னேன்.

15:25. அரைப் பங்கு. கஞ்சி வெதுவெதுப்பாக இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் அளந்து போட்டேன். ஐந்து கரண்டிதான் முதலில்

15:31. ஜமீலா: "ஒரு நிமிசங்க்கா. மூச்சு வாங்கிக்கிடுதேன்."

சரி, ஓய்வெடு என்றேன்.

15:50. நாடி 36. பதில் இல்லை. கதவிலுள்ள கண்ணாடி வட்டம் வழியாக அவள் கை தெரிகிறது. சக்கரத்தின்மேல் இருக்கிறது. விரல்கள் மூடியிருக்கின்றன.

ஓய்வெடு என்று நான் ஏன் சொன்னேன்

16:04. கத்தினேன். ஒலிபெருக்கியை முழுக்கத் திறந்தேன். இடுக்கியால் கதவைத் தட்டுகிறேன். இரும்பு வழியாகக் கேட்கும். கேட்க வேண்டும்.

16:12. 33.

16:15. ஒரு விரல் அசைந்தது. அல்லது கலம் அசைந்தது. தெரியவில்லை. இரண்டாவதாக ஒரு சாட்சி இல்லை.

16:21. 31. கை அங்கேயேதான். தட்டிக்கொண்டே எழுதுகிறேன். ஜமீலா இன்னும் அரைச் சுற்றுதான் இன்னும்