பல் பதிந்த சட்டம்

அன்புள்ள மகளே,

பின்பாதி முழுக்க மரச்சட்டம் போட்ட நம் பழைய காரை விற்றுவிட்டேன். இனி நான் கார் ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஏப்ரல் தோறும் அந்த மரத்தைத் தேய்த்து வார்னிஷ் பூசி, அந்த வாசனையோடு சாப்பிடுகிற தொல்லையும் விட்டது.

வாங்க வந்தவர் பெங்கெல்லி என்ற வெள்ளைக்காரர், இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் கார்ன்வால்காரர்; மரத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தார். பின்சன்னலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார்.

"எல்லாம் பளபளன்னு இருக்கு. இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஏன் தேய்க்காம விட்டீங்க? எலி கடிச்சிருக்கே!"

"எலி இல்லைங்க, என் பொண்ணு. அப்போ பதினோரு மாசம்."

சிரித்தார். "பரவாயில்லை, நான் புதுசு போட்டுக்கறேன்."

முப்பது வருடமாக உப்புத்தாளை அந்த இடம் வரை கொண்டுபோய்த் திருப்பியவன் நான். "அப்படின்னா அதை நானே கழட்டிக்கறேன்" என்றேன்.

நான் வராமல் இருந்துவிட்ட உன் கல்யாணத்தைப் பற்றி எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். அதனால்தான் சட்டத்தை அனுப்புகிறேன்.

உன் பிள்ளைக்குப் பல் முளைக்கிறதாமே, அத்தை சொன்னாள். வார்னிஷை முழுக்கச் சுரண்டிவிட்டேன், பயப்படாமல் கடிக்கக் கொடு.

பிள்ளையின் பெயரை மட்டும் அத்தையிடம் நான் கேட்கவில்லை. அது நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா