டைகர் ஏறிய கைவண்டி

நவம்பர் 3, 1986

எங்கள் ரோட்டில் குழி இருக்கிறது என்று சொல்வது தப்பு. குழிகளுக்கு நடுவே அங்கங்கே ரோடு இருக்கிறது. மழையில் வாப்பாவின் கைவண்டி கவிழ்ந்து, தைத்த தோல்பைகள் எல்லாம் நீச்சல் பழகின.

இன்று மாட்டுங்காவிலிருந்து அனந்தநாராயணன் என்று ஒரு இன்ஜினியர் வந்தார். ரோட்டைத் தோண்டிப் புதிதாகப் போட முடியுமா என்று ஃபீசிபிலிட்டி ஸ்டடி செய்யப் போகிறார்களாம். நான் வீட்டில் செய்யாத ஸ்டடி, ரோட்டில்! வியாழக்கிழமை வண்டிகளை எண்ணுவார்களாம்.

வண்டி அதிகம் என்றால் ரோடு நிச்சயம் — அப்படித்தானே?

நவம்பர் 6

பக்கத்து வீட்டு இசக்கிப்பாண்டி நாள் முழுக்க எங்கள் கைவண்டியைத் தள்ளினான். ரோட்டில் போவது, பின் சந்தில் திரும்பி வந்து மறுபடி போவது. வேறு வேறு வண்டி மாதிரித் தெரிய நான் தடவைக்குத் தடவை தார்ப்பாயை மாற்றினேன். மேலே ஏறிக்கொண்ட என் ஆட்டை மட்டும் இறக்க முடியவில்லை. டைகர் என்று பேர் வைத்தால் அப்படித்தான்.

சாயங்காலம் இன்ஜினியர் டீக்கடையில் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த ஆட்டுக்கு இன்னிக்கு எத்தனை இடத்துல அப்பாயின்ட்மென்ட்?"

ஆடு மாட்டிவிட்டது, ஆட்டம் முடிந்தது.

நல்லவேளை, சிரித்தார். "இது ஒத்திகைதான். எங்கே நின்னு எண்ணறதுன்னு பிளான் பண்ண வந்தோம். நிஜ எண்ணிக்கை ஜனவரில. ஆனா நீ காமிச்ச கூட்டம் நெஜம்னா, புதுப்பிச்சாப் போறாது. அகலப்படுத்தணும், இந்தப் பக்கமா."

இந்தப் பக்கம்தான் வாப்பாவின் பட்டறை.

நவம்பர் 7

வாப்பாவிடம் சொன்னேன். "ஏட்டி நூர் நிஷா, ரோடு கேக்கப் போயி பட்டறையக் குடுத்துட்டு வருவ போலயே!"

வாப்பா சிரிக்கவில்லை.

டிசம்பர் 28

எண்ணுவதற்குப் பள்ளிப் பிள்ளைகள் வேண்டுமாம். இன்ஜினியர் முதலில் என்னைக் கேட்டார். "சந்தெல்லாம் தெரிஞ்சவளை யாரும் ஏமாத்த முடியாது பாரு."

ஜனவரி 20, 1987

காலையில் பென்சில் சீவி ஸ்டூலில் உட்கார்ந்தால் — ரோடு காலி! ஒரு கைவண்டி இல்லை, டெம்போ இல்லை. பஸ் வராத இடைவெளியில் பிள்ளைகள் கிரிக்கெட். "இன்னிக்கு பந்த்தா?" என்று இன்ஜினியர் முழித்தார்.

பட்டறைக்கு ஓடினேன். கட்டின சரக்கின்மேல் வாப்பா சாய்ந்திருந்தார்.

"வண்டி ஓடுனாத்தான இடிப்பான்? இன்னைக்கு யாரும் எறங்கக் கூடாதுன்னு தெரு பூரா சொல்லிட்டேன்."

"வாப்பா! வண்டியே இல்லன்னா ரோடே வேண்டாம்னு எழுதிருவாங்க. அடுத்த மழையிலயும் பை நீந்தும்."

"உள்ளபடி போனா இடிக்க மாட்டானா?"

"தெரியல வாப்பா. ஒண்ண ஒண்ணுன்னுதான் எழுதுவேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"நீயா? ஒண்ண ஒண்ணுன்னா?" முதல் தடவையாகச் சிரித்தார்.

கொஞ்ச நேரத்தில் கைவண்டி வந்தது, மேலே டைகர். பின்னாலேயே தெரு முழுக்க வந்தது.

வாப்பாவுக்கு ஒரு கோடு போட்டேன். ஒன்றே ஒன்று. கை துறுதுறுத்தது — இல்லை, ஒன்றுதான்.

ஏப்ரல் 11, 1988

ரோட்டைப் பாதி பாதியாகத் தோண்டுகிறார்கள், உள்ள அகலத்திலேயே. பட்டறைப் படியிலிருந்து பள்ளத்தைத் தாண்ட வாப்பா ஒரு பலகை போட்டிருக்கிறார். அதன் நடுவில் டைகர் நின்றுகொண்டு யாரையும் விட மாட்டேன் என்கிறது. இரண்டு பக்கமும் டிராஃபிக் ஜாம்.