கடைசி வரிக்குக் கீழே

ஜூன் 9, திங்கள்
சென்டர் வண்டி யார் யாரை வீட்டிலிருந்து ஏற்றிவர வேண்டும் என்ற சீட்டை இனி கையால் எழுதப் போவதில்லை. நாளை டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் பெயரும் தெருவும் ஃபைலில் இருக்கின்றன; வரிக்கு ஓர் ஆளாக, நான் எழுதிய குட்டி புரோகிராம், ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், எடுத்துக் கொடுக்கும். கொடுத்தது. இனிஷியல் ஒரு வரி, பெயர் ஒரு வரி, தெரு ஒரு வரி. டிரைவர் ரவி அண்ணன் பார்த்துவிட்டு, "இதுல 'கே'ன்றவரு வீடு எங்கம்மா?" என்றார். சென்டரே சிரித்தது. நானும்தான்.

ஜூன் 11, புதன்
கூடத் தங்கியிருக்கும் சௌம்யா சொன்னாள்: "உன் ஸ்கிரிப்ட்ல ஃபைலப் படிக்கிற லூப் ஸ்பேஸ் வந்த எடமெல்லாம் வெட்டுதுடி. முழு வரியா படிக்கச் சொல்லு." மாற்றினேன். எல்லோரும் சமர்த்தாக ஆளுக்கொரு வரியில் வந்து நின்றார்கள். புதிதாகச் சேர்ந்த ஜோகுபாளையம் அப்பாதுரையை ஃபைலின் அடியில் போட்டு, சீட்டை ரவி அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன். எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்
கிணறு வெட்டப் பூதம். ஃபைலில் அப்பாதுரை ஐயா இருக்கிறார், சீட்டில் இல்லை. நான் சரிபார்க்கவும் இல்லை. வண்டி போகவில்லை. மனிதர் விடியற்காலையிலேயே தெருமுனையில் பையோடு நின்றிருக்கிறார். போன் செய்தேன். மதியம் மெஷின் காலி, ஆட்டோ அனுப்புகிறேன் என்றேன்.

"வேணாம்மா. வண்டி வரல, சரி, இதோட போதும்னு வீட்டுக்கு வந்துட்டேன். எனக்கும் சலிச்சுப் போச்சு."

கோபமே இல்லை. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். டயாலிசிஸை நிறுத்தினா என்ன ஆகும்னு இந்த மேசையில உக்காந்து எனக்குத் தெரியாதா?

ஜூன் 13, வெள்ளி
வரிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். யாரைக் கடைசியில் வைத்தாலும் அவர் காணாமல் போகிறார். ஏன்? தெரியவில்லை. சௌம்யா ஊருக்குப் போயிருக்கிறாள், போனை எடுக்கவில்லை. அப்பாதுரை ஐயாவுக்குக் கீழே என் பெயரையும் ஈஜிபுராவில் நான் இருக்கும் தெருவையும் போட்டேன். அவர் சீட்டில் வந்துவிட்டார். சீட்டிலிருந்து நான் விழுந்தேன். விழுந்தால் என்ன.

ஜூன் 14, சனி
வண்டி போய் நின்றது. அவர் ஏறவில்லை.

மேனேஜர் உத்தமன் சாரிடம் சொல்லிவிட்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அப்பாதுரை ஐயாவுக்குக் கால் வீங்கியிருந்தது, பேசினாலே மூச்சு வாங்கியது. எதையும் மறைக்காமல் சொன்னேன் — லூப், விழுந்துபோகும் கடைசி வரி, அங்கே இப்போது என் பெயர். என்ன புரிந்ததோ, அவர் கேட்டார்:

"எனக்குக் கீழ நீ நின்னுக்கினியா? அப்ப உன்னை யாரு கூட்டினு போவாங்க?"

அழுதுவிட்டேன். அடுத்தவங்க வீட்ல போயி அப்படியா அழறது? அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். ஆட்டோவில் வந்தோம். மெஷினில் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. செவ்வாய்க்கிழமை வருவீர்களா என்று கேட்டேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்
சௌம்யா வந்துவிட்டாள். கடைசி வரி முடிந்ததும் என்டர் தட்ட வேண்டுமாம். தட்டாவிட்டால் அது முடியாத வரி என்று லூப் விட்டுவிடுமாம். ஒரே ஒரு என்டர். தட்டினேன். சீட்டு அனுப்பியாயிற்று. நாளை அவர் ஏறுவாரா?

ஜூன் 17, செவ்வாய்
பால் வாங்கக்கூட இன்னும் போகவில்லை, வாசலில் ஹாரன். நைட்டியோடு ஓடினேன். ரவி அண்ணன் சிரிக்காமல் சீட்டை நீட்டினார்: "கடைசிப் பேரு நீதாம்மா." ஃபைலிலிருந்து என்னை எடுக்க மறந்திருக்கிறேன்.

வண்டிக்குள்ளே அப்பாதுரை ஐயா பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் காலி செய்தார்.

"ஏறும்மா, டைம் ஆவுது."

பல்கூட விளக்கவில்லை. ஏறினேன்.