இன்னும் என்பதற்கு இரண்டு சொல்

இன்று காலை மகள் பள்ளிக்குக் கிளம்பி எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நின்றபோது கைபேசி சிணுங்கியது. யானை நடமாட்டம் சொல்லும் குழுவில் ஒரே ஒரு ஆங்கில வரி. சாந்தன்பாறை ரோட்டை ஒற்றை யானை ‘யெட் டு கிராஸ்’. மகளின் பையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். ஏன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏலக்காட்டு வேலை முடிந்து வந்து, அரசு வேலைத் தேர்வுக்கென்று தோழிகள் நாம் இருவரும் ஒரே ஆங்கில இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினோமே. ஸ்டில், யெட் பாடத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டோம். தமிழில் இரண்டுக்கும் ‘இன்னும்’தானே என்று நான் சலித்துக்கொண்டேன். நீதான் ஒருவழியாகப் பிடித்தாய்.

“ஆனை ஸ்டில் நிக்கிதுன்னா, முன்னாடியும் நின்னுச்சு, இப்பவும் நிக்கிது. யெட்டு அப்படியில்லடி. அது இனிமே நடக்கப்போறதுக்குக் காத்துக்கிட்டு இருக்கும். அதான் ‘நாட்’டைக் கூட்டிக்கிட்டு வந்து வாக்கியத்துக் கடைசியில ஒக்காருது.”

நான் அந்த ‘நாட்’டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அது இருந்தால் நடக்கவில்லை, இல்லாவிட்டால் நடந்துவிட்டது. எவ்வளவு சுலபம்! அதனால்தான் அப்போது ஒருநாள் கைபேசியில் இதே வரி வந்தபோது, நாட் இல்லையே என்று பார்த்துவிட்டு, “கடந்துருச்சு, வா போவோம்” என்றேன்.

என்னை நம்பி நீ முன்னால் நடந்தாய். வளைவில் பனிக்குள்ளிருந்து முதலில் யானை வாடைதான் வந்தது. பிறகு ஒரு காது அசைந்தது. நீ என் வாயைப் பொத்தி ஏலச்செடிகளுக்குள் இழுத்துத் தள்ளினாய். எவ்வளவு நேரம் ஈரத்தில் கிடந்தோமோ தெரியாது. அது போன பிறகும் உன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்த நடுக்கத்தோடேயே என்னைத் திட்டினாய்.

“நாட் இல்லன்னா என்ன? யெட் டுன்னா இனிமேதான்டி கடக்கணும்! பரீட்சையில விட்டா ஒரு மார்க்குதான் போகும். இங்க என்ன போகும், சொல்லு?”

இரண்டு வருடம் கழித்து மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன் வயிற்றுக் கட்டி வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று டாக்டரிடம் நான்தான் கேட்டேன். ‘நாட் யெட்’ என்றார். எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் நீ என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய்.

“நீ நாட்ட மட்டும் கேட்டுட்ட. நான் யெட்டையும் கேட்டேன்டி. பயமா இருக்கு.”

எனக்கும் பயம் என்றாவது சொல்லியிருக்கலாம். அடுத்த மழைக்காலம் வரை நீ இருக்கவில்லை.

“யம்மா, பஸ்ஸு வந்துரும். ஆனை போயிருச்சா?” என்று மகள் கேட்டாள். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். நாட் எங்கேயும் இல்லை. அவளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன். பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அவள் அழ ஆரம்பித்த நேரத்தில், அவள் நடந்துபோயிருக்க வேண்டிய வளைவில் மரக்கிளை முறியும் சத்தம் கேட்டது. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

இப்போது யானை மறுபக்கம் போய்விட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. மகள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். கதவை நான் திறக்கவில்லை. பயம் போச்சாடி என்று நீ கேட்டால், நாட் யெட் என்பேன். அதில் எந்தச் சொல்லைக் கேட்க வேண்டுமென்று உனக்குத் தெரியும்.