அவன் திருப்பிக் கேட்ட ஜாஸ் சிடி

14 ஜூலை 2005, வியாழன்

சேவியர் இன்று தன் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். அம்மா காபி போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தி, "ஸ்டெல்லா, நான் குடுத்த ஜாஸ் சிடி இருக்குதா? கட்டிக்கப் போற பொண்ணு கேக்கணும்னு சொல்லுது" என்றான்.

எல்லாம் பழைய இங்கிலீஷ் காதல் பாட்டுகள். ஒரு பெண் அவசரமே இல்லாமல் பாடுவாள். இரண்டு வருஷமாக என் தலைமாட்டில் இருந்ததைத் துடைத்துக் கொடுத்தேன்.

"எந்தப் பாட்டை முதல்ல போடலாம்?"

"நாலாவது."

"அதுல என்ன விசேஷம்?"

உப்பளத்து வரப்பில் ஆளுக்கொரு இயர்போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், என்னைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். நிஜமாகவே மறந்திருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"அவளுக்குப் பிடிக்கும்" என்று மட்டும் சொன்னேன்.