அடையைவிட்டு எழாத கோழி

அன்பான வீட்டுக்காரிக்கு,

நானும் சின்னவளும் சௌக்கியம். அங்கே நீ வேலை செய்யும் வீட்டில் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை நின்றுகொண்டே தின்று காலத்தை ஓட்டாதே. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று பயந்துவிடாதே. போனை எடுத்தாலே உன் மகள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் மடியில் ஏறிக்கொள்கிறாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

பின் தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து பல வீடுகளில் கூண்டு காலி. முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருந்ததால் நம் கோழிகள் தப்பின. தண்ணீர்ச் சட்டியைத் தினமும் கழுவி வெயிலில் கவிழ்க்கிறேன். என் சட்டையைத் துவைக்கிறேனோ இல்லையோ, அது தவறாமல் நடக்கிறது. சேவல் மட்டும் உன்னைப் போலவே என்னைக் கண்டால் சிலிர்த்துக்கொண்டு வருகிறது.

தையல் மெஷினுக்குப் பின்னால் கூடையில் கோழியை அடைவைத்திருப்பதாகச் சொன்னேன் அல்லவா? அன்று சின்னவள் எப்போது வருவாய் என்று கேட்டதற்கு, "குஞ்சு பொரிக்கறதுக்குள்ள அம்மா வந்துடுவேன்டா கண்ணு" என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை. அப்போது உன் முதலாளியம்மா லீவு தருவதாகத்தானே சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் போனபின் முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து அவளுக்குக் காட்டினேன். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு புள்ளி துடித்தது. குதிப்பாள் என்று பார்த்தால், முகம் வாடி, "அதுக்குள்ளயா?" என்றாள். இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

லீவு கிடைக்கவில்லை என்று நீ போனில் அழுதாயே, அதற்கு மறுநாள் தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் கூடை காலி, கோழி வீடெல்லாம் கத்திக்கொண்டு அலைகிறது. முட்டைகளை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானையோரம் வைத்திருந்தாள். பதறிப்போய்க் கேட்டேன். "சூடு இல்லன்னா மெதுவாத்தானப்பா பொரிக்கும்? அம்மா இன்னும் வரலையே" என்றாள். எனக்குக் கையை ஓங்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை.

சில்லிட்டுப்போன முட்டைகளை மறுபடி கோழிக்கடியில் வைத்தேன். அதற்குப் பிறகு டார்ச்சில் பார்த்தால் எதிலும் அசைவில்லை. ஒன்றுகூடத் தேறவில்லை.

கோழிக்கு அது தெரியவில்லை. தீனிக்குக்கூட எழுவதில்லை, தடவினால் நெஞ்செலும்பு தட்டுப்படுகிறது. கால்நடை டாக்டர், "முட்டைய எடுத்துடுங்க, அழுகி வெடிச்சா கோழியும் போயிடும்" என்கிறார். எடுத்தால் சின்னவளுக்கு என்ன பதில் சொல்வது? கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கூடையையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வெட்டக் கொடுத்த துணி அப்படியே கிடக்கிறது. எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவளோ தினமும் காலையில் கூடையை எட்டிப் பார்த்து, "பாத்தியாப்பா, இன்னும் பொரிக்கல" என்று சிரித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம், "நீ மெதுவா வாம்மா, குஞ்சு உனக்காகக் காத்துட்டிருக்கு" என்று சொல்லப்போகிறாள். நேற்றே எனக்குச் சொல்லிக் காட்டிவிட்டாள். அப்போது அழுதுவிடாதே. சரி என்று மட்டும் சொல். தயவுசெய்து இனி எந்த நாளையும் அவளிடம் சொல்லாதே. வர முடிகிற அன்று, சொல்லாமல் வந்து வாசலில் நில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்